தாயத்துக்குள் ஒரு கணக்கு

பொலிக்ஸேனிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஏடுதான். அந்த ஏட்டைத்தான் பெத்ரூசா தீவுக்காரர்கள் என்றோ துண்டு துண்டாக நறுக்கிக் குழந்தைகளின் சட்டையில் குத்திவிட்டிருந்தார்கள்.

தெசலோனிக்கி நகரத்திலிருந்து அவள் அந்தத் தீவுக்கு வந்தது அங்குள்ள மடத்தின் பழைய ஜெபப் புத்தகம் ஒன்றைப் படம் பிடிக்க. ஆட்டுத்தோல் ஏடுகளில் எழுதப்பட்ட புத்தகம் அது. தோல் கிடைக்காத காலத்தில் துறவி ஒருவர், அதைவிடப் பழைய ஒரு நூலை எடுத்து, எழுத்தையெல்லாம் சுரண்டிக் கழுவிவிட்டு, அதே தோலின் மேல் நோயாளிகளுக்கான ஜெபங்களை எழுதி வைத்துவிட்டார். கழுவிப் போனது ஒரு கிரேக்கக் கணிதனின் நூல். அவன் பெயர்கூட மிஞ்சவில்லை.

விதவிதமான நிற ஒளியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கணினியில் கழித்துப் பார்த்தபோது, ஜெபத்தின் வரிகளுக்குக் குறுக்கே கணக்கின் வரிகள் செம்மண் நிறத்தில் எழும்பின. அவற்றை வாசித்தவர் த்ராசோஸ். பழைய கணித நூல்களோடு ஆயுளைக் கழித்த மனிதர். முட்டிவலி, வாயில் எப்போதும் ஏலக்காய், யாரையும் விடாத கிண்டல்.

"ஏம்மா, இந்த ஆளு என்ன சொல்றான் தெரியுதா?" என்றார் ஒரு காலையில். "வளைஞ்ச பக்கம் உள்ள ஒரு பாத்திரம். அதுக்குள்ள பிடிக்கிறதும் நேர்ப்பக்கப் பெட்டி ஒண்ணுக்குள்ள பிடிக்கிறதும் சரிக்குச் சரியா ஒண்ணுங்கிறான். கொஞ்சம் முன்னப்பின்ன இல்ல. சரிக்குச் சரி."

"அது சரிதானே? இப்ப காலேஜ் பசங்ககூட போட்டுடுவாங்களே."

"போடுவாங்க. அவங்ககிட்ட கருவி இருக்கு. இவன்கிட்ட ஒரு குச்சியும் மணலும்தான். எந்த வழியில போனான்? அதை அடுத்த ஏட்டுல சொல்லியிருக்கணும்."

அடுத்த ஏடு இல்லை. தைத்திருந்த இடத்தில் கத்தி வைத்து அறுத்த அடையாளம் மட்டும் இருந்தது.

மடத்தின் தலைவர் கெர்வாசியோஸ் சாமியிடம் கேட்டபோது அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "தொண்டை அடைப்பான் வந்து குழந்தைங்க கொத்துக் கொத்தா செத்த வருஷம் அது. டாக்டரும் கிடையாது, மருந்தும் கிடையாது. அப்ப இருந்த சாமி ஒரு ஏட்டை அறுத்து, நறுக்கி, தாய்மாருக்குக் கொடுத்திட்டாரு. துணியில வச்சு தைச்சு பிள்ளைங்க சட்டையில, நெஞ்சுப் பக்கமா குத்துறதுக்கு. நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

"இன்னும் யார்கிட்டயாவது இருக்குமா சாமி?"

"செத்தவங்களோட குழிக்குள்ள போனது போக, ஆஸ்திரேலியா போனவங்க கழுத்தோட போனது போக... கேட்டுப் பார்க்கலாம்."

ஞாயிறு பூசையில் அறிவித்தார். கொண்டுவந்தவர்கள் சிலர். ஒன்றின் உள்ளே அச்சடித்த காகிதம் இருந்தது. இன்னொன்றில், ஒரு ஆயுள் முழுக்க வேர்வை குடித்துப் பசையாகிப்போன ஏதோ ஒன்று. அதை நீட்டிய கிழவர், "இது இவ்வளவு காலம் என்னைக் காப்பாத்துச்சே, உங்க மிஷினுக்கு மட்டும் வேலை செய்யலையா?" என்று கோபித்துக்கொண்டு போனார்.

மிச்சம் இருந்தது ஸ்தமாத்தியாவின் வீட்டுத் தாயத்து. ஸ்தமாத்தியா துறைமுகத்துக்கு மேலே ரொட்டிக் கடை வைத்திருந்தாள். புருஷன் சரக்குக் கப்பலில். ஒரே பெண் அர்கிரோ. பள்ளிக்கு இனிமேல்தான் போக வேண்டிய வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு வலிப்பு. மாத்திரை ஒரு பக்கம், நீலத் துணியில் தைத்த தாயத்து ஒரு பக்கம்.

"வாங்க டாக்டரம்மா," என்றாள் ஸ்தமாத்தியா, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே. "டாக்டரம்மான்னு எல்லாரும் சொன்னாங்க, சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தா நீங்க தோலுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டராம், அதுவும் செத்த ஆட்டுத் தோலுக்கு."

பொலிக்ஸேனி சிரித்துவிட்டாள். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னாள். துணியைப் பிரிக்கவே வேண்டாம். மை மங்கிப்போனாலும் அதில் இருந்த இரும்பு தோலுக்குள் தங்கியிருக்கும். எக்ஸ்ரே மிஷின் புள்ளி புள்ளியாக நகர்ந்து அந்த இரும்பைத் தேடும். காலையில் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும்.

ஸ்தமாத்தியா பெண்ணைப் பார்த்தாள். அர்கிரோ தரையில் உட்கார்ந்து மாவில் பூனை செய்துகொண்டிருந்தது.

"அதுல என்ன இருக்குன்னு தேடுறீங்க?"

"ஒரு கணக்கு. ரொம்பப் பழசு. உலகத்துல வேற எங்கயும் இல்ல."

"கணக்கா? ஜெபம்னுல்ல நினைச்சிட்டிருக்கோம்."

"ஜெபமும் இருக்கு. மேல ஜெபம், அடியில கணக்கு."

வாடகைக்கு வந்த எக்ஸ்ரே மிஷின் வியாழக்கிழமைக் கப்பலில் திரும்பிப் போகவேண்டியிருந்தது. அந்த அவசரத்தைப் பொலிக்ஸேனி சொல்லவில்லை. ஆனால் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். புதன்கிழமை காலை ஸ்தமாத்தியாவே மடத்துக்கு ஏறி வந்து, சூடான ரொட்டியோடு தாயத்தையும் மேசையில் வைத்தாள்.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கு. ரெண்டு மாசமா ஒண்ணும் வரல. சாயந்திரம் வந்திடணும், என்ன?"

"நானே கொண்டு வந்து குத்திவிடுறேன்."

மிஷின் எறும்புபோல ஊர்ந்தது. முற்பகல் முழுவதும் திரையில் ஒன்றுமில்லை. நூலும் ஊசியும்தான் தெரிந்தன. பிறகு ஜெபத்தின் தடித்த எழுத்துகள் வந்தன. அவற்றுக்குக் குறுக்காக, மயிரிழை மாதிரி, வேறொரு கை. த்ராசோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையோடு ஒட்டி உட்கார்ந்தார். வாயில் இருந்த ஏலக்காயை மெல்லவும் மறந்துவிட்டார்.

"'பெட்டி பெரியதென்று வைத்துக்கொள்வோம்...' அம்மாடி, எதிர்ப்பக்கத்திலேர்ந்து வர்றான்! முதல்ல தப்பை உண்மைன்னு வச்சுக்கிறான், அப்புறம் அதை உடைக்கப் போறான்."

பொலிக்ஸேனி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வரி முடிய, அடுத்த வரியின் தலைகள் முளைத்தன.

அப்போது கெர்வாசியோஸ் சாமி ஓடி வந்தார். அந்தக் கனத்த உடம்பு ஓடி அவர்கள் பார்த்ததில்லை. "அர்கிரோவுக்கு வலிப்பு வந்திடுச்சு. நிக்கவே மாட்டேங்குது. அவ அம்மா தாயத்தைக் கேட்குறா."

யாரும் அசையவில்லை. மிஷின் மட்டும் நகர்ந்தது.

"பிள்ளைக்கு ஊசி போடுற டாக்டர் வேணும் சாமி, துணி இல்ல," என்றார் த்ராசோஸ். குரலில் கிண்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது. "பாதி வந்திடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம். துணி போனா மட்டும் வலிப்பு நிக்குமா? நீங்களே சொல்லுங்க."

சாமி பொலிக்ஸேனியைப் பார்த்தார்.

நிற்காது என்று அவளுக்குத் தெரியும். துணிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது இரண்டும் இரண்டும் நாலு என்பதைப்போல அவளுக்குத் தெரியும். அது தெரிந்துகொண்டே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. கை தானாகப் போய் மிஷினை நிறுத்தியது. தாயத்தை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் ஓடினாள். பின்னால் த்ராசோஸ் ஏதோ சொன்னார். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. ஆகஸ்ட் மாதத்து வடகாற்று காலையிலிருந்தே தீவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

கடையின் உள்ளறையில் அர்கிரோ விறைத்துக் கிடந்தது. கண் செருகியிருந்தது, வாயோரம் நுரை. சுகாதார நிலையத்து டாக்டர் ஏற்கெனவே ஒரு ஊசி போட்டுவிட்டு இன்னொன்றை ஏற்றிக்கொண்டிருந்தார். "ஹெலிகாப்டர் கேட்டிருக்கேன். இந்தக் காத்துல இறங்க முடியாதுங்கிறான்," என்றார் யாரையும் பார்க்காமல். பொலிக்ஸேனி மண்டியிட்டுத் தாயத்தைக் குத்தப் பார்த்தாள். ஊசி துணியில் ஏறவில்லை. ஸ்தமாத்தியா பிடுங்கிக்கொண்டு, ஒரே குத்தில் குத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் உடம்பின் விறைப்பு தளர்ந்தது. ஊசி மருந்து ரத்தத்தில் கலக்கும் நேரம் அது. டாக்டருக்கும் தெரியும், பொலிக்ஸேனிக்கும் தெரியும்.

"நீங்க கேட்டீங்க, நான் கொடுத்தேன்," என்றாள் ஸ்தமாத்தியா, பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. "உங்க மேல தப்பில்ல. கொடுத்தது நான்தானே."

வைதிருந்தால் பொலிக்ஸேனி தாங்கியிருப்பாள்.

காற்று தணிந்த பிறகு ஹெலிகாப்டர் வந்து தாயையும் பிள்ளையையும் ஏதென்ஸுக்குக் கொண்டுபோனது. மறுநாள் கப்பலில் மிஷின் போனது. கையில் மிஞ்சியது அந்தப் பாதிப் படம்தான். த்ராசோஸ் அதை வாசித்துச் சொன்னார்: "'பெட்டி பெரியதென்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெட்டிய துண்டுகளும் பெரியவையாகும். அது நடவாது. ஏனென்றால்.' அவ்வளவுதான்."

"பிள்ளை திரும்பி வரட்டும். மெதுவா கேட்டுப் பார்ப்போம்," என்றாள் அவள்.

"கேட்பியா?"

அவள் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அவர் அதற்குமேல் அவளைக் கேட்கவில்லை. அவள் மிஷினை நிறுத்தியதைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேச்சில் கிண்டல் மட்டும் குறைந்துபோனது.

அர்கிரோ பிழைத்தது. அந்தச் சேதியைச் சொன்னவளும் ஸ்தமாத்தியாதான். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் தெசலோனிக்கிக்குப் போன் செய்தாள்.

"வலது கை கொஞ்சம் சோர்வா இருக்கு. சரியாயிடும்கிறாங்க. டாக்டரம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். அங்க ஆஸ்பத்திரியில அவசரத்துல சட்டையைக் கத்தரிச்சுக் கழட்டினாங்க. தாயத்து சட்டையோட போயிடுச்சு. துணி துவைக்கிற இடம் வரைக்கும் போய்த் தேடினேன். குப்பைக்குப் போனதை எரிச்சிடுவாங்களாம்."

பொலிக்ஸேனிக்கு "ஐயோ," என்று மட்டும் வந்தது.

"அந்தப் புத்தகத்துலேர்ந்து ஒரு துணுக்கு, நகத்தளவு போதும். நீங்க சொன்னா சாமி கொடுப்பாரு."

அவள் சாமியிடம் கேட்கவும் செய்தாள். தான் என்ன கேட்கிறோம் என்று தெரிந்தே கேட்டாள். ஏட்டில் கத்தி வைக்கச் சொல்லி, அதுவும் அவள்.

"என் கையில என்னம்மா இருக்கு?" என்றார் சாமி. "முன்னே அது எங்க புத்தகம். நீங்க படம் எடுத்துக் காட்டினதுக்கப்புறம் ஏதென்ஸ்லேர்ந்து அரசாங்க ஆளுங்க வந்து கண்ணாடிப் பெட்டியில வச்சு முத்திரை போட்டுட்டாங்க. ஜெபம் சொல்லத் திறக்கணும்னாகூட நான் எழுதிக் கேட்கணும்."

அதை ஸ்தமாத்தியாவிடம் சொல்ல அவளுக்குச் சில நாட்கள் பிடித்தன. சொன்னபோது மறுமுனையில் அடுப்புக் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"சரி விடுங்க. உங்ககிட்ட அதோட படம் இருக்கில்ல?"

"இருக்கு. பாதி."

"அந்த ஜெபம் தெரியுதா? படிங்களேன்."

பொலிக்ஸேனி கணக்கை விட்டுவிட்டு மேலே இருந்த தடித்த எழுத்துகளை, முதல்முறையாக, வாசித்தாள். "ஆண்டவரே, கெட்ட காற்றுகளை அதட்டுகிறவரே, இந்தச் சிறு உடலின் மேல்..." நிறுத்தினாள். "இதுக்கு மேல இல்ல, ஸ்தமாத்தியா."

"எனக்குத் தெரியும்," என்றாள் ஸ்தமாத்தியா. மூச்சை இழுத்துக்கொண்டு, கோயிலில் சொல்லும் அதே இழுவையில், மீதியைச் சொல்லி முடித்தாள். பொலிக்ஸேனி கேட்டுக்கொண்டு நின்றாள். கடையில் யாரோ ரொட்டி கேட்டார்கள். "வைக்கிறேன், ஆள் வந்திருக்கு," என்று சொல்லி ஸ்தமாத்தியா போனை வைத்துவிட்டாள்.