அத்தான் பெயர்த்த மொழி

பையைத் திறந்து காட்டச் சொன்னது வாசல் காவலாளி இல்லை. துணி வெட்டும் பிரிவில் வேலை செய்யும் நடுவயதுப் பெண். ஆலையில் எல்லாரும் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையால் வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள், வாயால் வந்தது என்று பலர்.

"உள்ள ரெக்கார்டர் ஏதாச்சும் வச்சிருக்கியாம்மா?"

"இல்லக்கா. பேனாவும் கேள்வித்தாளும்தான்."

"கேள்வி கேக்கறது நீ. பதில் யாருக்குப் போகுது?"

பையோடு நின்றவள் வணிக மேலாண்மை கடைசி ஆண்டு மாணவி. வேற்று நாட்டவர் நடத்தும் நிறுவனங்களில் நிர்வாகமும் தொழிலாளரும் ஒருவரை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வேட்டின் பொருள். பயணப்பை தைக்கும் இந்த ஆலையைச் சென்ற ஆண்டு ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்கியிருந்தது. உள்ளே வர அனுமதி வாங்கிக் கொடுத்தவர் அக்காவின் கணவர். அங்கே அவர் சூப்பர்வைசர். முன்பு அந்த நாட்டில் வேலை பார்த்தவர் என்பதால் புதிய மேனேஜரின் மொழி ஆலையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மேனேஜர் பேசுவதைத் தொழிலாளர்களுக்கும், அவர்கள் பேசுவதை மேனேஜருக்கும் சொல்வது அவர் வேலை. படிப்போடு சேர்த்து அவளும் அந்த மொழியைக் கற்றிருந்தாள். "வணக்கம், நன்றி சொல்ற அளவுக்குத் தெரியும்" என்று அத்தான் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டிருந்தார்.

பேட்டி கொடுத்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். எல்லாம் நல்லா இருக்கு, மேனேஜர் தங்கமானவர், ஒரு குறையும் இல்லை. வார்த்தைகூட மாறவில்லை. அதைப் படித்த பேராசிரியர் தாளைத் தள்ளி வைத்தார்.

"யாரோ சொல்லிக் குடுத்து ஒப்பிச்ச மாதிரி இருக்கே. அந்த யாரோ யாருன்னு பாரு."

அன்று அக்கா வீட்டில் சாப்பிடும்போது அத்தான் சாதாரணமாகக் கேட்டார். "கத்திரி என்ன சொன்னா?"

"எல்லாரும் சொன்னதத்தான்."

"வேற எதுவும் கேட்டாளா?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு இல்லையென்றாள். ஏன் கேட்கிறார் என்ற எண்ணம் வந்தது. தூக்கி வளர்த்தவரைப்போல் பாசம் காட்டும் மனிதர். அவரைப் போய் இப்படி நினைக்கிறோமே என்றும் இருந்தது.

அந்த வாரக் கூட்டத்தில் அவள் பின்வரிசையில் உட்கார்ந்தாள். மேனேஜர் எழுந்து, ஆர்டர்கள் குறைந்துவிட்டன, துணி அதிகம் வீணாகிறது, இப்படியே போனால் வெட்டும் பிரிவை மூட வேண்டிவரும், யோசனை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் என்று தன் மொழியில் நிதானமாகச் சொன்னார்.

அத்தான் திரும்பினார். "ஆர்டர் கொஞ்சம் கம்மியாம். எல்லாரும் கவனமா வேலை பாக்கணும்னு கேட்டுக்கறாரு."

தனக்குத்தான் மொழி போதவில்லையோ என்று அவள் முதலில் நினைத்தாள்.

கத்திரி எழுந்தார். "வெட்டுற மெஷின்ல பிளேடு மழுங்கிப்போச்சு. அதான் துணி பாழாகுது. மாத்தித் தருவாரா மாட்டாரான்னு கேளுங்க."

அத்தான் மேனேஜரிடம், உங்கள்மேல் முழு நம்பிக்கை இருக்கிறது என்கிறார் என்றார். மேனேஜர் மெதுவாகத் தலையசைத்தார்.

"பாத்தியா, தலையாட்டறாரு" என்றாள் அவளுக்கு முன்னால் இருந்த பெண். "போன தடவையும் இப்படித்தான். ஆட்டறதோட சரி, பிளேடு வராது. அதுக்குத்தான் தலையாட்டின்னு பேரு வச்சிருக்கோம்."

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மேனேஜர் அவளை நிறுத்தினார். அவளுடைய விண்ணப்பத்தில் மொழி விவரத்தைப் பார்த்திருந்தார்போலும். "நான் கெட்ட செய்தி சொல்லும் நாளிலும் யார் முகமும் மாறுவதில்லை. என் பேச்சு அவர்களிடம் சரியாகப் போகிறதா?"

"நான் பின்னால் இருந்தேன். சரியாகக் கேட்கவில்லை" என்றாள் அவள். அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வெட்டும் பிரிவ மூடப்போறத ஏன் சொல்லல அத்தான்?"

அவர் கை நின்றது. அவளை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சொன்னா நாளைக்கே வேலைய நிறுத்துவாங்க. நிறுத்தினா அந்தாளு நாளைக்கே மூடிடுவாரு. நடுவுல நின்னு பாத்தாதான் தெரியும்."

"பிளேடு கேட்டதுகூடவா?"

"குறை சொல்றாங்கன்னு எடுத்துக்கிட்டாருன்னா? உங்கிட்டயும் நல்லபடியா பேசுங்கன்னு நான்தான் சொல்லி வச்சேன். எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான்."

"பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டறதுக்குப் பேரு நடுவுல நிக்கறதா?"

சமையலறையிலிருந்து அக்கா வந்தாள். "அவரு வாங்கிக் குடுத்த அனுமதியில உள்ள போயிட்டு அவரையே கேள்வி கேக்கறியா? படிக்கப் போனியா, வேவு பாக்கப் போனியா?"

அத்தான் உண்மையிலேயே ஆலையைக் காப்பாற்ற நினைத்தாரா, இல்லை, தன்னை விட்டால் ஆளில்லை என்ற பவிசுக்காகச் செய்தாரா என்பது அவளுக்குப் புரியவில்லை. "அடுத்த கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். ஆய்வேடு போனாலும் போகட்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் மேனேஜர் பேசி முடித்ததும் அத்தான் பின்வரிசையில் இருந்த அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு, வெட்டும் பிரிவை மூட வேண்டிவரும் என்பது உட்பட ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னார்.

"இது இன்னிக்குச் சொன்னதா, முன்னாடியே சொன்னதா?" என்றார் கத்திரி.

"முன்னாடியே."

கூடம் கொந்தளித்தது. அத்தான் அவளைப் பார்த்ததைக் கவனித்திருந்த கத்திரி, அவரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"போன கூட்டத்துலேருந்து."

"அப்ப நீயும் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்திருக்க."

சத்தம் அடங்கியபின், பிளேடு கேட்ட விஷயத்தை அவளே எழுந்து மேனேஜரிடம் சொன்னாள். தன்னிடம் இதுவரை யாரும் கேட்டதே இல்லை என்றார் அவர். புதிய பிளேடுகள் வந்தன, துணி வீணாவது குறைந்தது. ஆனாலும் தாமதமாகிவிட்டது. வெட்டும் பிரிவில் பாதிப்பேரைத் தையல் பக்கம் மாற்றினார்கள், சிலர் வேலையை விட்டார்கள். அத்தானைச் சரக்கு ஏற்றும் இடத்துக்கு அனுப்பினார்கள். மொழிபெயர்க்க வெளியிலிருந்து ஆள் எடுத்தபோது, இரண்டு பேர் வேண்டும் என்று கத்திரி பிடிவாதம் பிடித்தார். "ஒருத்தர் சொல்றது சரியான்னு இன்னொருத்தர் கேக்கணும்ல?"

பேராசிரியர் அந்த அத்தியாயத்தை இரண்டு முறை படித்தார். "இந்த ஆளு உனக்குத் தெரிஞ்சவரா?"

"அக்கா வீட்டுக்காரர் சார்."

"அதையும் எழுது. இல்லன்னா படிக்கிறவன் உன்னச் சந்தேகப்படுவான்."

எழுதினாள். ஆய்வேடு ஏற்கப்பட்டது. பட்டமளிப்பு நாளில் அக்கா வரவில்லை, அத்தான் மட்டும் வந்தார். கூட்டம் கலைந்தபின் ஓரமாகக் கூப்பிட்டார்.

"என்னப் பத்தி என்ன எழுதியிருக்க?"

"நடந்தத எழுதியிருக்கேன்."

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு போட்டிருக்கியா?"

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு நீங்க சொன்னதாப் போட்டிருக்கேன்."



"அது வேற, இது வேற" என்றார் அத்தான். பிறகு, வீட்டில் அக்கா காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.