புதன்கிழமைக் கோழி

ரெனாட்டா எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. எங்கள் வீடு என்று நான் சொல்வதைக்கூட அவள் விரும்புவாளா, தெரியாது. அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. அவள் அம்மா இறந்து நான்கு வருஷம் கழித்து, போன ஜூன் மாதம்தான் அவள் அப்பா லெனர்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டு நான் அங்கே குடிவந்தேன். கல்யாண விருந்தன்று தலைவலி என்று காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்குக் கூப்பிட்டோம், வேலை இருக்கிறது என்றாள். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டோம், சளி என்றாள். லெனர்ட் இதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். ஆனால் அவளுக்கென்று எடுத்து வைத்த தட்டைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போது, அலமாரிக் கதவை மூடாமல் கொஞ்ச நேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த முதுகை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே, பிப்ரவரியில் அவளே ஃபோன் செய்தபோது நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"புதன்கிழமை சாயங்காலம் வரட்டுமா? லூசில் அத்தையும் வர்றாங்க. ரெண்டு பேரும் பக்கத்துலதான் இருப்போம்."

"தாராளமா வாங்க. என்ன சமைக்கட்டும்?"

"பெருசா ஒண்ணும் பண்ணிராதீங்க. புதன்கிழமைதானே. லேசா ஏதாவது போதும்."

லூசில், லெனர்ட்டின் அக்கா. ரெனாட்டா என்னை ஆர்டிஸ் என்று பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை. அது வழக்கம்தான். வாரநாள், மறுநாள் எல்லோருக்கும் வேலை, அதனால்தான் லேசாகப் போதும் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தால் எனக்கு உதறல் எடுத்திருக்கும். லெனர்ட் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் போலந்துக் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி தொட மாட்டார்கள், மீன்தான். இந்த விஸ்கான்சினில் வெள்ளி மாலை எந்தச் சாப்பாட்டுக் கடையைத் தாண்டினாலும் மீன் வறுவல் வாசனை வரும், அப்படித்தான் எனக்கே அது தெரியவந்தது. நான் வளர்ந்தது வட டக்கோட்டாவில், பலகை அடித்த ஒரு சின்ன ஜெபவீட்டில். அங்கே பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு, கிழமை பார்த்துச் சாப்பிடுகிற பழக்கம் கிடையாது. மீனும் எனக்குச் சரியாக வராது, திருப்பும்போது உதிர்ந்துபோகும். நல்லவேளை, புதன்கிழமை என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

அன்று இரவே லெனர்ட்டிடம் கேட்டேன். "ரெனாட்டாவுக்கு என்ன பிடிக்கும்?"

"சீஸ்."

"சீஸ்னா எதுல?"

"எதுலயும்தான். சின்னப் புள்ளையில ஆப்பிள் பை பலகாரத்து மேலயே சீஸைப் போட்டுத் திம்பா. நீ வேற, ஆர்டி. இந்த ஊர்ல யாருக்குத்தான் சீஸ் பிடிக்காது?"

முடிவாகிவிட்டது. நெஞ்சுக்கறியில் சீஸ் அடைத்த கோழி. என் கைக்குத் தப்பாமல் வருகிற சமையல் அது ஒன்றுதான், வேலை விட்டு வந்து ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கும் வந்துவிடும்.

புதன்கிழமை பள்ளி அலுவலகத்திலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தேன். கோழி நெஞ்சு நாலும் நன்றாகத் தடித்தவை. ஒவ்வொன்றையும் பலகையில் வைத்து, மேலே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, கத்தியைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஓட்டினேன். மறுபக்கம் வெளியே வந்துவிடாமல் சட்டைப்பை மாதிரி ஒரு பை விழ வேண்டும். வெளியே வந்துவிட்டால் சீஸ் முழுக்கச் சட்டியில்தான் கிடக்கும். உள்ளே அடைக்க, துருவிய இந்த ஊர்ப் பிரிக் சீஸும் கொஞ்சம் கிரீம் சீஸும் கலந்து, வதக்கிப் பிழிந்த கீரையையும் வெங்காயத்தாளையும் சேர்த்தேன். பையை முட்ட முட்ட நிரப்பக் கூடாது. வாயைப் பல்குத்தும் குச்சியால் தைத்து, உப்பு, மிளகு, மிளகாய்த்தூள் தடவி, இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் பொன்னிறமாகப் பிரட்டி, சட்டியோடு ஓவனுக்குள் தள்ளினேன். உருளைக்கிழங்கு மசியலும் பீன்ஸும் பக்கத்துக்கு. இதில் எதையாவது நான் தவறாகச் செய்தேனா என்று பிறகு வரிசையாக யோசித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை.

லெனர்ட் அப்போதுதான் எழுந்து வந்தார். காகித ஆலையில் இந்த வாரம் அவருக்கு இரவு வேலை. இரவு வேலை வந்துவிட்டால் அவருக்குக் கிழமை எது, தேதி எது என்று எதுவும் தெரியாது.

"என்ன வாசனை இது! ஆளைத் தூக்குதே," என்று ஓவனுக்குள் எட்டிப் பார்த்தார்.

வாசல் மணி அடித்தது. நான் கைப்பிடித் துணியோடு சட்டியை வெளியே எடுத்திருந்தேன், அதை அப்படியே ஏந்திக்கொண்டுபோய் முழங்கையால் கதவைத் திறந்தேன். சீஸ் ஓரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

"வாம்மா ரெனாட்டா! வாங்க அண்ணி! பாரு, உனக்காகவே பண்ணினது. கோழி, உள்ள முழுக்க சீஸ்!"

இரண்டு பேரும் படியில் பனியை உதறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ரெனாட்டா சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலையில் இருந்த பச்சை மஞ்சள் கம்பளித் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்து, புருவம் மறையும்வரை கீழே இழுத்துவிட்டாள். லூசில் அண்ணி கழற்றப்போன தலைக்குட்டையை மறுபடி முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் ரெனாட்டா.

"ஆமா, வாசனையே... வித்தியாசமா இருக்கு," என்றார் அண்ணி.

இந்த ஊரில் ஒரு சாப்பாட்டை வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால் அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், இத்தனை மாதத்தில் எனக்குத் தெரியும். சட்டியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

மேசையில் உட்கார்ந்தார்கள். அடுப்பு எரிந்து சமையலறை அனலாக இருந்தது. இருந்தும் இரண்டு பேரும் தலையில் இருந்ததை எடுக்கவில்லை. விருந்துக்கு வந்த வீட்டில் தொப்பியோடு மேசையில் உட்காருவதா?

"தொப்பியைக் குடும்மா, மாட்டி வைக்கிறேன்."

"இல்ல, இருக்கட்டும். குளிருது."

அவள் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

"அண்ணி, உங்களுக்கு?"

"எனக்குக் காதுல காத்து ஆகாதும்மா."

நானே ஆளுக்கொன்றாகத் தட்டில் வைத்தேன். லெனர்ட் ஜெபம் முடிந்ததும் முதல் வாயை எடுத்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மற்ற இரண்டு பேரும் மசியலைச் சாப்பிட்டார்கள், பீன்ஸைச் சாப்பிட்டார்கள், தண்ணீர் குடித்தார்கள். கோழியைச் சுற்றிச் சுற்றியே முள்கரண்டி போய்க்கொண்டிருந்தது. பிறகு அண்ணி குச்சியை உருவினார். பைக்குள் கரண்டியை விட்டுக் கொஞ்சம் சீஸை எடுத்துச் சாப்பிட்டார். தலையை ஆட்டினார். மறுபடி விட்டார். ரெனாட்டா அவரைப் பார்த்தாள், அவளும் அதையே செய்தாள்.

"கோழி வேகலையா?" என்று கேட்டேன்.

"சேச்சே, நல்லா வெந்திருக்கு," என்றார் கோழியைத் தொடாத அண்ணி.

"காரமா?"

"காரமா? இல்லவே இல்ல. சீஸ் பிரமாதம். எந்தக் கடை சீஸ்?"

லெனர்ட் வாய் நிறைய மென்றுகொண்டே சிரித்தார். "அக்கா, ஒரு துண்டு வெட்டி வாயில போட்டுத்தான் பாரேன். பறவை மாதிரி கொத்திக்கிட்டு!"

"டேய் லெனர்ட்," என்றார் அண்ணி மெதுவாக, "இன்னிக்குப் புதன்கிழமைடா."

"இருந்துட்டுப் போகட்டும், அதுக்கென்ன?"

மேசைக்கு அடியில் ஏதோ இடித்தது. லெனர்ட் "அம்மா!" என்று காலைத் தடவினார். ரெனாட்டா அப்பாவையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய தொப்பியைப் பார்த்தார், அக்காவின் தலைக்குட்டையைப் பார்த்தார், தன் தட்டில் பாதி மீதியிருந்த கோழியைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு, யாரோ கட்டாயப்படுத்தி ஊட்டுகிற மாதிரி, அடுத்த துண்டை வெட்டி வாயில் வைத்தார். மென்றார், மென்றார், விழுங்கவே வெகுநேரமானது.

"அப்பா!" என்றாள் ரெனாட்டா.

"நல்லா இருக்கும்மா," என்றார், அவளைப் பார்க்காமல். "ஆர்டி கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கா."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் சமைத்ததை அவர் சாப்பிடுவதில் இந்தப் பெண்ணுக்கு என்ன கோபம்? அவ்வளவு வெறுப்பென்றால் எதற்காக ஃபோன் செய்து வர வேண்டும்? புதன்கிழமை என்றால் என்ன? இவள் அம்மா இறந்த கிழமையா? அந்த நினைப்பு வந்ததும் அங்கே உட்கார முடியவில்லை. தட்டுகளை எடுக்க எழுந்தேன்.

அண்ணியின் தட்டில் கோழி முழுசாகத்தான் தெரிந்தது. எடுத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. உள்ளே சீஸ் துளிகூட இல்லாமல் வழித்திருந்தார். ரெனாட்டாவின் தட்டிலும் அதே கதை. வாயைப் பிளந்துகொண்டு இரண்டு காலிக் கோழிகள். குச்சிகள் மட்டும் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. பூனை பிடித்த எலியைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன், மூக்கை உறிஞ்சுவது கேட்காமல் இருக்க.

பின்னால் காலடி கேட்டது. ரெனாட்டா.

"நான் கழுவறேன், நீங்க விடுங்க."

திரும்பினேன். தொப்பிக்குக் கீழேயிருந்து கரியாக ஒரு கோடு அவள் மூக்கின் மேல் இறங்கி வந்துகொண்டிருந்தது. கண் மையா? அழுதாளா? எனக்கு என் அழுகை மறந்துபோயிற்று.

"அடடா, என்னம்மா இது, அழாதே," என்று தோளில் கிடந்த பாத்திரத் துணியை எடுத்து, அவள் தொப்பியை மேலே தள்ளி, நெற்றியோடு சேர்த்து நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டேன். துணியில் கரி அப்பிக்கொண்டது. கண்ணில் மையே இல்லை.

மேசையிலிருந்து அண்ணி பார்த்துவிட்டார். "ஐயோ! சிலுவையைத் துடைச்சிட்டா!"

"எந்தச் சிலுவை?"

ரெனாட்டா துணியைப் பார்த்தாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். அழுகை என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பல் புதன். இன்னிக்கு சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம்! கோயில்ல நெத்தியில சாம்பல் வெச்சுக்கிட்டு நேரா இங்க வர்றோம். இன்னிக்கும் கறி கிடையாது, வெள்ளிக்கிழமை மாதிரியே."

"புதன்கிழமையுமா?"

"இந்த ஒரு புதன்கிழமை மட்டும்."

அண்ணி தலைக்குட்டையை அவிழ்த்தார். அவர் நெற்றியிலும் கறுப்பாகச் சிலுவை இருந்தது.

"சொல்லியிருக்கலாமே! வாசல்லயே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது?" என்றாள் ரெனாட்டா. "கதவைத் திறக்கிறீங்க, கொதிக்கிற சட்டியை நீட்டி, உனக்காகவே பண்ணினதுன்னு சொல்றீங்க. அந்த முகத்தைப் பார்த்துட்டு யாரால சொல்ல முடியும்? சாம்பலைப் பார்த்தா நீங்களே புரிஞ்சுக்கிட்டு வருத்தப்படுவீங்கன்னுதான் தொப்பியை இழுத்துவிட்டேன்."

"நானும்தான்," என்றார் அண்ணி. "காத்தாவது ஒண்ணாவது. காது வெந்துபோச்சு."

"அப்போ உள்ள இருந்த சீஸ்?"

"சீஸ் கறி இல்லையே!"

"கறிக்குள்ள வெந்த சீஸ், அத்தை," என்றாள் ரெனாட்டா.

"பக்கத்துல இருந்துச்சு, அவ்வளவுதான். பக்கத்துல இருந்தது பாவமா? ஃபாதர்கிட்ட நான் கேட்டுக்கறேன்."

லெனர்ட் காலித் தட்டோடு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். குழந்தை மாதிரி முகம். "நான் முழுசாத் தின்னுட்டேனே. முதல் பாதி மறதியில. மிச்சம்... இவ முகத்தைப் பார்த்துட்டு நிறுத்த முடியல."

ரெனாட்டா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். மறுபடி முறைக்கப்போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் அவர் கையிலிருந்து தட்டை வாங்கித் தொட்டியில் போட்டாள்.

"அதையும் ஃபாதர்கிட்ட சொல்லிக்கோங்க. காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "எனக்குப் பசிக்குது. சீஸ் மிச்சம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவி, நடுவில் சீஸ் வைத்து, அதே அடுப்பில் வேறு சட்டி போட்டு வாட்டினேன். நின்றுகொண்டே தின்றாள். பிறகு இன்னொன்று கேட்டு வாங்கி, மேசையில் உட்கார்ந்து தின்றாள். அவளுக்கென்று எடுத்து வைத்த அந்தத் தட்டில்தான்.

கிளம்புகிறபோது என்னைத் தேடிச் சமையலறைக்கு வந்தாள். நான் காலிக் கோழிகளை என்ன செய்வதென்று தெரியாமல், நான் தொடாத முழுக் கோழியோடு சேர்த்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அதைக் கொட்டிராதீங்க. நாளைக்கு வேலை முடிஞ்சதும் வர்றேன். திரும்ப சீஸ் அடைச்சுச் சூடு பண்ணலாம். நானே அடைக்கிறேன்."

"நாளைக்கா?" எனக்கு எல்லாக் கிழமையும் குழம்பிப்போயிருந்தது. "நாளைக்கு வியாழக்கிழமை. அதுக்கு ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்ல, ஆர்டிஸ். வியாழன் வெறும் வியாழன்தான்."

கார் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து, எதற்கும் இருக்கட்டுமென்று, வியாழக்கிழமைக்கு ஏதாவது உண்டா என லெனர்ட்டிடமும் ஒரு தடவை கேட்டேன்.