பில் இல்லாத பிரேக்

ஒரு பெண் யாரையும் கேட்காமல் தானே கிளம்பி, தானே போய், தானே திரும்பி வருவதன் விலை முப்பத்தெட்டாயிரம். பில் வேண்டாம் என்றால் முப்பத்திரண்டு.

இரண்டு விலையையும் ஒர்க்‌ஷாப்காரன் சொல்லவில்லை. முதல் விலையை மட்டும்தான் சொன்னான். இரண்டாவதைக் குழாய்க்கடைக்காரர் அவன் வாயிலிருந்து பிடுங்கினார். முப்பது வருடமாகக் குழாயும் வால்வும் விற்கிற மனிதர். கடைத்தெருவில் அவர் முதுகுக்குப் பின்னால் ‘குறைச்சுக்கோ’ என்று பெயர். மகள் மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு முறிந்து கிடந்தபோது, ஆஸ்பத்திரி அறை வாடகையில் பத்து சதவீதம் குறைத்துவிட்டுத்தான் அழ உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். பதினைந்து சதவீதம்.

அந்த மகளுக்காகத்தான் இந்தக் கார். விழுந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மேலே எல்லாம் கூர்மை, முக்கியமாக நாக்கு. ஊரின் அந்தக் கோடியில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. அடுத்தவர் கணக்கில் பிழை பிடிப்பதற்குச் சம்பளம் வாங்கினாள். கையாலேயே ஓட்டுகிற மாதிரி மாற்றிய காரை ஓட்ட உரிமமும் எடுத்துவிட்டாள். காரை மாற்றுவதுதான் பாக்கி.

ஒர்க்‌ஷாப்காரன் அரசாங்க அனுமதி வாங்கியவன். பெட்டியைத் திறந்து காட்டினான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டும் ஒரு கைப்பிடி. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம்.

"இந்தத் தகட்டுல ஒரு நம்பர் இருக்கு பாருங்கண்ணே. சான்றிதழ்ல இதுதான் வரும். பதினாலு நாளுக்குள்ள வண்டி ஆபீஸ்ல குடுத்துப் பதிவுப் புத்தகத்துல ஏத்திடணும்."

"தகடு எவ்வளவு?"

"தகட்டுக்குத் தனியா விலை இல்லண்ணே."

"அப்ப தகடு இல்லாம குடு."

அவன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு மெல்ல வற்றியது.

"பில் போடாம, பெட்டியைத் தொடாம, நானே லேத்துல கடைஞ்சு மாட்டினா முப்பத்திநாலுக்கு முடிக்கலாம். ஆனா பில் இல்லேன்னா சான்றிதழ் கிடையாது. நாளைக்கு என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"பைப்பு என் கடையிலேருந்து அனுப்பறேன். ரெண்டைக் குறைச்சுக்கோ."

"அண்ணே, இது பிரேக்குண்ணே."

"நான் விக்கிற பைப்பு மூணு மாடித் தண்ணியைத் தாங்குது தம்பி. என் பொண்ணு கையைத் தாங்காதா?"

மகள் மேல் ஆசை இல்லாதவர் இல்லை. வேறு வழியில்லை என்றால் மூன்று லட்சம்கூடக் கொடுத்திருப்பார். ஆனால் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வருவது, அவரைப் பொறுத்தவரை, வேட்டி இல்லாமல் கடைத்தெருவில் நடப்பது மாதிரி. ஆறாயிரம் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் வீடு வரை விசில் அடித்துக்கொண்டே வந்தார்.

"புத்தகத்துல ஏத்தியாச்சாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ஆச்சும்மா."

"புத்தகம் எங்கே?"

"கடைப் பெட்டியில பத்திரமா இருக்கு."

பின்னது உண்மை. முன்னதை அந்த உண்மையின் முதுகில் ஏற்றி அனுப்பிவிட்டார். வியாபாரத்தில் இப்படித்தான் பழைய சரக்கு புதிய சரக்கோடு போகும். மகள் தாளைப் பார்க்காமல் எதையும் நம்பாதவள். அப்பாவுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தியிருந்தாள்.

எட்டு மாதம் ஓட்டினாள். வேலைக்குப் போனதை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் விசேஷம். காலையில் சக்கர நாற்காலியிலிருந்து காருக்குத் தாவி, நாற்காலியை மடித்துப் பக்கத்து இருக்கையில் இழுத்துப் போட்டுக்கொண்டு போவாள். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம்.

"எங்கேம்மா போனே?"

"எங்கேயும் இல்லப்பா. சும்மா."

அந்தச் 'சும்மா'வை அவர் கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் விற்காத குறைதான். "என் பொண்ணு சும்மா போய்ட்டு வர்றா" என்று அளந்துகொண்டிருப்பார். அளக்கும்போது பில் போடும் கை நின்றுவிடும்.

ஒன்பதாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சிக்னலில் அவள் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. எதிர்த்திசையில் புகுந்து வந்த ஒரு பார்சல்காரன் இரண்டு சக்கர வண்டியோடு அவள் முன்பக்கத்தில் மோதி விழுந்தான். கெண்டைக்கால் எலும்பு முறிந்தது. கூட்டம் கூடியது. உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் முதலில் நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு கைப்பிடியைப் பார்த்தார்கள், அதோடு தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்.

காவல் நிலையத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். வாகனத்தில் மாற்றம் உண்டா? உண்டு. பதிவு செய்யப்பட்டதா? ஆம். கீழே கையெழுத்து. அதையும் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், அழகாகப் போட்டாள்.

கார் வண்டி ஆபீஸ் முற்றத்துக்குப் போனது. குழாய்க்கடைக்காரர் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் மேல்நோக்கிப் போயிற்று.

"பழைய தேதியில ஒரு பில், ஒரு சான்றிதழ். நாற்பது தரேன்."

"முடியாதுண்ணே."

"ஐம்பது. சரி, எழுபது."

"சான்றிதழ் புத்தகத்துல ஒவ்வொரு பக்கத்துக்கும் வரிசை நம்பர் இருக்கு. எட்டு மாசத்துக்கு முந்தின பக்கத்தை நான் எங்கே கொண்டுபோய் ஒட்டறது? அன்னிக்கே சொன்னேன்ல." அவன் முகத்தைப் பார்க்காமல் ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சோதனை நாளன்று முற்றத்தில் நல்ல வெயில். ஆய்வாளர் ஓர் அம்மா. சட்டைப் பையில் மூன்று பேனா. கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், வண்டியை ஒரு சுற்று ஓட்டி நிறுத்தினார்.

"வேலை சுத்தமா இருக்கு. பிரேக் கச்சிதம். நம்பர் எங்கே?"

ஆய்வாளர் சாவியால் கைப்பிடியின் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே எழுத்து தெரிந்தது. குனிந்து சத்தமாகப் படித்தார்: "அரை அங்குலம். குடிநீர் உபயோகத்துக்கு மட்டும்."

நாற்காலியில் இருந்த மகள் எழுத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பைப்பை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் கடையில் அந்தப் பைப்புக் கட்டின் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள்.

ஆய்வாளர் முற்றத்தோர மேஜைக்குப் போய், கோப்பைப் புரட்டிக்கொண்டே சொன்னார். பதிவில்லாத மாற்றம்: கைப்பிடியைக் கழற்றி வண்டியைப் பழையபடி ஆக்க வேண்டும், அபராதம் தனி. இன்சூரன்ஸ் கைவிரித்துவிட்டதால் பார்சல்காரனுக்கான நஷ்டஈடு இவர்கள் பொறுப்பு. பதிவு செய்ததாகப் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டதற்கு உரிமம் இரண்டு வருடம் ரத்து.

"பொய் சொன்னது நான் மேடம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"கையெழுத்து உங்களுது இல்லையே ஐயா."

"இடிச்சது அவன்தானே?"

"அது வேற கேஸ். பதினாலு நாளுக்குள்ள கொண்டுவந்திருந்தா நானே அரை மணியில ஏத்திக் குடுத்திருப்பேன்."

குழாய்க்கடைக்காரர் மேஜைமேல் கையூன்றினார். குரல் தானாகவே கடைக்குரலாக மாறியது. "ரெண்டு வருஷம் ரொம்ப அதிகம் மேடம். ஒரு வருஷமாப் போடுங்க. அபராதத்தை வேணா டபுளா வாங்கிக்கோங்க. சரி, ஒண்ணரை. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து ஆய்வாளர் எழுத ஆரம்பித்தார்.

"அப்பா," என்றாள் மகள். "போதும். வாங்க."

கழற்றிய கைப்பிடியை ஒர்க்‌ஷாப்காரன் சாக்கில் சுற்றிக் கொடுத்தான். கூலி கேட்கவில்லை. பார்சல்காரன் வீட்டில் கேட்ட தொகையை இவர் அப்படியே எண்ணி வைத்தார். அவர்கள்தான் ஏமாந்துவிட்டோமோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எவ்வளவு மிச்சம் பண்ணீங்க?"

"ஆறாயிரம்மா."

"சரி."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசி, அழுது, கொஞ்சம் குறைத்திருப்பார். அவள் விலையே சொல்லவில்லை. விலை சொல்லாதவரிடம் எங்கிருந்து பேரம் தொடங்குவது?

மறுநாளிலிருந்து டாக்ஸி. டிரைவர் தூக்கி உட்கார வைப்பான், இறக்கி வைப்பான், "எங்கே மேடம்?" என்று தினமும் கேட்பான். காசு கொடுக்க இவர் வாசலுக்கு ஓடுவார். அவள் தன் பையிலிருந்து கொடுத்துவிட்டு ரசீதைக் கேட்டு வாங்குவாள். ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி வராது. எங்கே என்று கேட்கிறவனிடம் சும்மா என்று சொல்ல முடியாது. அன்று முழுக்க அவள் ஜன்னலோரம் இருப்பாள். வெளியே கார் உறை போட்டு நிற்கும். அவர் ஒருமுறை, "எங்கேயாவது போய்ட்டு வரலாமாம்மா, நான் ஓட்டறேன்" என்றார். "எங்கேப்பா?" என்றாள். அவருக்கு ஓர் ஊரும் வாயில் வரவில்லை.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை, கடையில் கூட்டமில்லாத நேரம், சரக்குச் சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினார்.

மிச்சம் பிடித்தது: ஆறாயிரம்.
டாக்ஸி, நாளுக்கு இருநூற்று நாற்பது வீதம், இருபத்தைந்து நாள்: ஆறாயிரம்.
கையிருப்பு: இல்லை.
இரண்டு வருடத்தில் பாக்கி, வேலை நாள்: ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
பாக்கி, ஞாயிறு: நூறு.