மூன்றாம் பெட்டியின் காற்று

அந்தப் பிப்ரவரியில், கிராக்கோவிலிருந்து துர்னியா மலைக்கு வரும் பகல் ரயிலின் மூன்றாம் பெட்டியில் இருந்த காற்று பன்றிக்கால் ஜெல்லி மாதிரி உறைந்துபோனது. நிறம் வெளிர் மஞ்சள். விரலால் அழுத்தினால் குழியும், எடுத்தால் மெதுவாக மேலே வரும். அந்த வாரம் முட்டை விலை ஏறியிருந்தது, மலையில் பனி இடுப்பளவு கிடந்தது, சறுக்கு விளையாட வரும் நகரத்துக் கூட்டம் வழக்கம்போல இருந்தது. துர்னியா ஸ்டேஷனில் வாடகை அறைக்கு ஆள் பிடிக்க நின்ற வீட்டுக்காரிகள் சங்கதியைக் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷம் உறையாம இருந்ததே பெருசு" என்றார்கள். அதற்கு மேல் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

காரணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் குறுக்குக் காற்றைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் சனங்கள் ஓநாய்க்குப் பயப்பட மாட்டார்கள், போலீசுக்குப் பயப்பட மாட்டார்கள், இந்தப் பக்கத்து ஜன்னலில் நுழைந்து அந்தப் பக்கம் போகிற காற்றுக்குப் பயந்து சாவார்கள். ஞானஸ்நான விருந்தில் இரண்டு கதவுக்கு நடுவில் உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது வாய் காதுக்குப் போய்விட்ட பெரியப்பா ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. மூன்றாம் பெட்டியில் சீட்டுக்கு அடியில் இருந்த சூடேற்றும் குழாயின் திருகு ஒரு குளிர்காலத்தில் உடைந்துபோய், அன்றிலிருந்து அது அணையவே இல்லை. பெட்டி அடுப்பங்கரை போலக் கொதித்தது. சனங்களுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு வியர்வையோடு ஜன்னலைத் திறந்தால் உடனே மரணம் என்பதால், அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் ஒரு ஜன்னலும் திறக்கப்படவில்லை.

உள்ளே போனதெல்லாம் உள்ளேயே தங்கியது. கிராக்கோவ் பிளாட்பாரம் கண்ணுக்கு மறைவதற்குள் எல்லோர் மடியிலும் வேகவைத்த முட்டை வந்துவிடும். முட்டை உரிக்காமல் பயணம் தொடங்குவது இந்த நாட்டில் கிடையாது. முட்டைக்குப் பின்னால் கட்லெட், கட்லெட்டுக்குப் பின்னால் ஊறுகாய் வெள்ளரி, அதற்கும் பின்னால் பூட்ஸைக் கழற்றி, ஈரமான கம்பளிக் காலுறையைக் குழாய்மேல் காயப்போடுவது. முதல் இரண்டு வருஷம் கண்ணாடி வியர்த்தது. பிறகு அந்த வியர்வை மஞ்சளாகி, கிறிஸ்துமசுக்கு ஒரு குழந்தை அதில் வரைந்த ஆடு ஈஸ்டர் வரை அழியாமல் இருந்தது. பிறகு தொப்பியை மாட்ட கொக்கி தேவைப்படவில்லை. தலைக்கு மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது அங்கேயே நிற்கும். குடை தானாக நிற்கும். இறந்துபோன பத்திர எழுத்தர் ஒருவரின் இருமல் கழிப்பறைக்குப் பக்கத்து சீட்டின்மேல் வெகுகாலம் தங்கியிருந்தது. கல்லறைத் திருநாளன்று அவருடைய மனைவி டிக்கெட் எடுத்து வந்து, கீழே உட்கார்ந்து, அதைக் கேட்டுவிட்டுப் போவாள். டிக்கெட் பரிசோதகர் டோபியாஷ் இரண்டு கையாலும் காற்றை விலக்கி, ஆற்றில் நீந்துகிறவர் போலத்தான் பெட்டிக்குள் வருவார். வெளியே போனதும் மீசையைப் பனியில் தேய்த்துக் கழுவுவார். மற்றப் பெட்டிகளில் இடம் காலியாக இருந்தாலும் சனங்கள் மூன்றாம் பெட்டியில்தான் ஏறினார்கள். அதுதான் கதகதப்பு.

அந்தப் பிப்ரவரியில் அதில் ஏறியவள் லெயோகாடியா. கிராக்கோவில் கையுறை தைக்கிறவள். உலகத்திலேயே அவளுக்கு அருவருப்பு இல்லாத பொருள் கொதிக்கும் தண்ணீர் ஒன்றுதான் என்று அவள் தெருவில் சொல்வார்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டாள். தேவாலயத்தில் சிலுவையை முத்தமிடும் முறை வரும்போது உதட்டுக்கும் சிலுவைக்கும் நடுவில் ஒரு இழை இடம் விடுவாள். பிறர் வீட்டில் சாப்பிட நேர்ந்தால் கரண்டியை மேஜைக்கடியில் ரகசியமாகத் துடைப்பாள். அவளோடு வந்தவர் கணவர் வின்சென்ட்டி. கரிச்சூளையில் வேலை பார்த்து நெஞ்சு பூராவும் கருகிப்போனவர். இந்தக் குளிர்காலத்து நகரப்புகையை அவர் தாங்கமாட்டார், மலைக்காற்று கிடைத்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சுக்காக மலைக்குக் கிளம்பியவரை அவள் மூன்றாம் பெட்டியில் ஏற்றினாள். கதகதப்பு வேண்டும் அல்லவா?

வோட்காவில் நனைத்த துணியால் சீட்டைத் துடைத்து, கைக்குட்டை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தாள். எதிரில் செம்மறித்தோல் உடுப்பும் புகைபோட்ட பாலாடைக்கட்டி மூட்டையுமாக ஒரு மலைக்காரி. அவளுக்குப் பக்கத்தில் ஈர நாயோடு ஒரு மரக்கடைக்காரர். அவர் முட்டையைக் கடித்தபோது நடுவில் பச்சை வளையம் தெரிந்தது. லெயோகாடியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாதி வழியில், என்ஜினை முன்னாலிருந்து கழற்றிப் பின்னால் மாட்டும் ஸ்டேஷனைத் தாண்டியதும் தண்டவாளத்தைப் பனி மூடியிருந்தது. ரயில் நின்றது. குழாய் மட்டும் நிற்கவில்லை. வின்சென்ட்டியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"லெயோ, ஒரு விரக்கடை திறக்கட்டுமா?"

பெட்டியே தலையைத் தூக்கியது.

"ஐயா, போன வாரந்தான் பல்லு கட்டியிருக்கேன்" என்றாள் மலைக்காரி. "காத்து பட்டா தாடையே கோணிக்கும். உங்க வீட்டுல வந்து உக்காந்துக்குவேன், கஞ்சி ஊத்துவீங்களா?"

"என் நாய்க்கே ஆகாதுங்க" என்றார் மரக்கடைக்காரர்.

வின்சென்ட்டி எழுந்து, ஜன்னலை ஒரு விரல் அளவு கீழே இறக்கினார். வாயை அந்த இடுக்கில் வைத்து ஒரே ஒரு மூச்சு இழுத்தார். லெயோகாடியா எழுந்து, அவரை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியை மேலே தள்ளி மூடினாள்.

"கழுத்துல ஒரு துணி இல்லை, ஜன்னல் கேக்குது இவருக்கு. வின்சென்ட்டி, போனா நெஞ்சால போ. குறுக்குக் காத்துல போனேன்னு நாலு பேர் சிரிக்க வைக்காதே."

"நல்லாச் சொன்னீங்க அம்மணி" என்றாள் மலைக்காரி. பெட்டி முழுக்கத் தலையாட்டியது. லெயோகாடியாவின் வாழ்நாளில் அத்தனை பேர் ஒன்றாக அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

வின்சென்ட்டி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காற்றைத் தள்ளிக்கொண்டு பெட்டியின் மறுகோடி ஜன்னலுக்கு நடந்தார். அவர் கை அந்த ஜன்னலின் பிடியை எட்டும் நேரத்தில்தான் காற்று உறைந்தது. சத்தமே இல்லை. தொங்கிக்கொண்டிருந்த தொப்பிகள் லேசாக ஆடி நின்றன. உட்கார்ந்திருந்தவர்கள் உட்கார்ந்தபடியே சிறு சிறு மூச்சாக உறிஞ்சிக்கொண்டார்கள். நல்ல நெஞ்சுக்காரர்களுக்கு அது போதுமாயிருந்தது. வின்சென்ட்டி ஜெல்லியில் வைத்த காரட் துண்டு மாதிரி கோடியில் செங்குத்தாக நின்றார். வாய் திறந்திருந்தது. அதற்குள்ளும் மஞ்சள்.

டோபியாஷ் கதவுப்பக்கத்திலிருந்து எட்டிப்பார்த்து, தள்ளிப்பார்த்து, தோள்வரை உள்ளே விட்டு, வெளியே இழுத்துக்கொண்டார். மலைக்காரி பாலாடைக்கட்டிக் கத்தியால் ஒரு கோடு கிழித்தாள். கத்தி போன தடம் பின்னாலேயே மூடிக்கொண்டது. அப்போது மரக்கடைக்காரரின் நாய் தன் மூக்குக்கு நேராக இருந்ததை ஒரு கவ்வு கவ்வித் தின்றது. அந்தக் குழி மூடவில்லை. நாய் இரண்டாவது வாய் எடுத்தது, யோசித்தது, கக்கியது, சீட்டுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா, தின்னாத்தான் வழி" என்றார் மரக்கடைக்காரர். "நாயே வேணாங்குது. மனுஷன் எவன் தின்பான்?"

"அவரு யாரோட ஆளோ அவங்கதான் தின்னணும்" என்றாள் மலைக்காரி. கொஞ்ச நேரம் கழித்து, "வினிகர் இருந்தா பரவால்லாம இருக்கும்" என்றாள்.

லெயோகாடியா கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். கரண்டி இருந்தது, அதை வழக்கம்போல ஒரு தடவை துடைத்தாள். ஆனால் கரண்டி போன இடம் கத்தி போன இடம் போலவே மூடிக்கொண்டது. பல் பட்டால்தான் திறந்தது. எனவே முகத்தை முன்னால் நீட்டி வாயால் கடித்தாள்.

முதலில் முட்டை. பிறகு ஈரக் கம்பளி. பிறகு யாருடைய பல் குழியோ, போன இலையுதிர்காலத்தில் யாரோ விட்ட ஏப்பம், பாதிரியாரின் மூக்குப்பொடி, ஒரு தேனிலவு ஜோடியின் மலிவு சென்ட், குழந்தையின் புளித்த பால், நரம்பு நரம்பாக ஓடும் பன்றிக்கொழுப்பு. சில வாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது, சில வாய் முடியோடு வந்தது. பத்திர எழுத்தரின் இருமலைக் கடித்தபோது அது தொண்டைக்குள் இரண்டு தடவை இருமியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பெட்டி மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது. மரக்கடைக்காரர் மட்டும், "அம்மணி, இந்தப் பக்கம் ஓரமாப் போங்க, அங்க நான் நவம்பர்ல பூண்டு தின்னேன்" என்று வழி சொன்னார்.

கணவருக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது ஒரு வாய் வந்தது. கற்பூரமும் சாமந்திக் கஷாயமும் கலந்த வாடை, அடியில் லேசான சொத்தைப்பல். யாருடையது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. கல்யாணமான புதிதில் இதே வண்டியில் இதே மலைக்கு வந்தபோது அவள் விட்ட மூச்சு அது. அன்றைக்கும் ஜன்னலை அவள்தான் மூடியிருந்தாள். ஊரார் எச்சிலையெல்லாம் விழுங்கிவிட்டு வந்தவளுக்கு, தன்னுடையதைத்தான் விழுங்க முடியவில்லை. இரண்டு தடவை குமட்டி வாய்க்கே திரும்ப வந்தது. எதிரில் வின்சென்ட்டியின் காது கருநீலமாகியிருந்தது. மூன்றாம் தடவை அவள் அதை மென்று, முழுசாக விழுங்கினாள்.

கணவரின் வாயிலிருந்ததைத் தன் வாயால் எடுத்துத் துப்பினாள். அவர் கைமேல் கை வைத்து ஜன்னலை இறக்கினாள், ஒரு விரல் அளவு இல்லை, முழுசாக. மலைக்காற்று உள்ளே வந்தது. வின்சென்ட்டி கொல்லன் துருத்தி மாதிரி ஓர் இழு இழுத்தார். பெட்டி முழுவதும், "குறுக்குக் காத்து, குறுக்குக் காத்து" என்று மஃப்ளரைக் காதுவரை ஏற்றிக்கொண்டது. லெயோகாடியா அவருக்கும் காற்றுக்கும் நடுவில் தன் கழுத்தை வைத்து, ரயில் துர்னியா வந்து சேரும்வரை அப்படியே நின்றாள். சொன்னது சொன்னபடி கழுத்து இடது பக்கம் திருகிக்கொண்டது. கடைசிவரை நிமிரவில்லை. இந்த விஷயத்தில் எங்கள் சனங்கள் சொல்வதில் தப்பே இல்லை.

வின்சென்ட்டி பிழைத்தார், துர்னியாவில் பனி உருகும்வரை தங்கிவிட்டுப் போய், வெகுகாலம் உயிரோடு இருந்தார். வருஷா வருஷம் பிப்ரவரியில் இருவரும் அதே பெட்டியில்தான் வந்தார்கள், கோடி ஜன்னலருகே. கழுத்து அப்படித் திருகியிருந்ததால் லெயோகாடியாவுக்கு அந்த ஜன்னலைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. அது ஒரு விரல் அளவு திறந்தே இருக்கும். யாராவது மூட எழுந்தால், "உக்காருங்க, இல்லேன்னா உங்களையும் தின்னுருவேன்" என்பாள். அவள் சிரிக்காததால் உட்கார்ந்துவிடுவார்கள்.

பெட்டியின் மற்ற பாகம் இன்றைக்கும் உறைந்துதான் வருகிறது. திருகைச் சரிபண்ண ஆள் வந்தபோது சனங்களே விரட்டிவிட்டார்கள். இப்போது முட்டையோடு ஒரு சின்ன வினிகர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஏறி, தங்கள் சீட்டுக்குத் தாங்களே கடித்து வழி பண்ணிக்கொள்கிறார்கள். துர்னியா ஸ்டேஷனில் வீட்டுக்காரிகள் மிச்சத்தைக் கவ்வி எடுத்து ஜாடியில் அடைத்து, நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று விற்கிறார்கள். குழந்தைகளுக்கு ரொட்டியில் தடவிக் கொடுக்கிறார்கள். முடி கிடந்தால் எடுத்துப் போட்டுவிட வேண்டும், வினிகர் தாராளமாக ஊற்ற வேண்டும். நல்ல குளிரில் அது அப்படியொன்றும் மோசமில்லை.