முப்பத்தேழு பேருக்கு ஒரே எண்

திரையில் சிவப்பு எழுத்தில் வந்திருந்ததைப் பாஸ்வேர்டு அக்கா இரண்டாம் முறை படித்தாள். முதல் முறையே புரிந்துவிட்டதுதான், மனசுதான் ஒப்பவில்லை. ஒரே கைபேசி எண் முப்பத்தேழு விண்ணப்பங்களில் இருக்கிறது, விசாரணை முடியும்வரை அத்தனையும் நிறுத்தி வைக்கப்படுகின்றன என்றது திரை. அந்த எண் அவளுடையது.

பக்கத்து நாற்காலியில் பெயிண்டர் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் மகள், பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை. ஐந்து வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். படாத பாடு பட்டு இலவசப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. இன்று மதியம் ஒரு மணிக்குள், கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைத் தட்டி, வருகிறோம் என்று உறுதி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அடுத்த பட்டியலுக்கு எட்டு மாதம் ஆகும். பிள்ளைக்கு ஐந்து முடிய மூன்று மாதம்தான் இருந்தது.

அவள் பார்த்துக்கொள்ளும் இடம் அது: மூடிப்போன செருப்புக்கடையின் மாடியில் இரண்டு அறை, எட்டு கணினி, ஆளுக்கு முக்கால் மணி நேரம், எல்லாம் இலவசம். பலகையில் மின்நூலகம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் புத்தகம் படிக்க வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் படிவம் நிரப்ப வருகிறவர்கள். அவர்களுடைய கைபேசி எண் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. முதலில் வந்த ஒரு அம்மாவிடம், "சரி, என் நம்பரப் போட்டுக்கலாம், வந்தா நான் சொல்றேன்" என்றாள். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் அதுவே வழக்கமாகி, பாஸ்வேர்டு அக்கா என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஊரே தன்னை நம்புகிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, பொய் சொல்வானேன்.

உதவி எண்ணுக்கு அழைத்தாள். இருபது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒருவன் எடுத்தான்.

"ஒரே நம்பர்ல இத்தனை பேருன்னா புரோக்கர்னுதான் மேடம் சிஸ்டம் எடுத்துக்கும்."

"நான் புரோக்கர் இல்லப்பா. ஒரு பைசா வாங்கினதில்ல. என்ன வேணா பண்ணுங்க, இந்த ஒரு குழந்தைய மட்டும் விட்டுடுங்க. ஒரு மணிக்குள்ள ஆகணும்."

"எனக்குப் புரியுது மேடம். என் ஸ்க்ரீன்ல அதுக்குப் பட்டனே இல்ல."

அவன் மீது கோபப்படக்கூட முடியவில்லை. மேலதிகாரி எண்ணில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மின்னஞ்சல் அனுப்பினாள், ஏழு வேலை நாட்களில் பதில் தருவதாக அடுத்த நொடியே பதில் வந்தது. கடிகாரம் ஒரு மணியைத் தாண்டிப் போனபோது அவள் கை இன்னும் எலிப்பொறியில் மாட்டியதுபோல் மவுஸின் மேலேயே இருந்தது.

"என்னம்மா, நம்பர் வரலியா?" என்றார் பெயிண்டர்.

"வரலண்ணே. என்னாலதான். எல்லாருக்கும் என் நம்பரையே போட்டேன்ல, அதான் நிறுத்திட்டாங்க. இடம் போச்சுண்ணே."

அவர் அவளையே பார்த்தார். புரியாமல் இல்லை. புரிந்ததை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. அவளுக்கே ஆறுதல் சொல்கிற குரலில், "நீங்க கலங்காதீங்கம்மா. நாளைக்கு வரேன். உங்க நம்பர்தானே குடுத்திருக்கு, எப்படியும் வந்துரும்" என்றார்.

அவர் திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

மேசையில் கிடந்த கைபேசி அதிர்ந்தது. முதல் ஆளின் விண்ணப்பம் நிறுத்தப்பட்ட செய்தி. உடனே அடுத்தது, அதற்கடுத்தது. அந்தப் பெயர்களில் மூன்று பேர் அதே அறையில், அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். யாரை முதலில் கூப்பிடுவது?

பிள்ளை அப்பாவின் மடியிலிருந்து இறங்கி மேசைப் பலகையில் உள்ளங்கையை வைத்தது. கைபேசி மறுபடி அதிர்ந்தது. பிள்ளை கன்னத்தையும் பலகையோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடி, அடுத்ததற்காகக் காத்திருந்தது. வந்ததும் வாய்விட்டுச் சிரித்தது.