துரை சாப்பிட மறுக்கிறார்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஒரு மருத்துவமனையில் களவாடினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது தன் பூனையை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், பூனை தும்மத் தொடங்கியது. கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். காத்திருக்கும் இடத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் கொஞ்சம் தண்ணீர், விரல் நீளத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று. மூடியின் மேல் ஒரு நோட்டு.

"பல்லியா சார்?" என்று கேட்டேன்.

"நியூட்." கோபமில்லை, நூறு பேருக்குச் சொல்லிச் சலித்த குரல். "பதினேழு நாளா சாப்பிடல."

மின்விசிறிக் காற்றில் நோட்டின் பக்கம் புரண்டது. தேதி, நேரம், அதற்கெதிரே எண்கள்: 9.42, 9.40, 9.37. ஒரு நாளைக்கு மூன்று வரி. அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. பூனை பிழைத்துக்கொண்டது, அதைப் பற்றி இனி விசாரிக்க வேண்டாம்.

2

எங்கே தொடங்குவது? மூன்று தொடக்கம் எழுதினேன். மறைக்க ஒன்றுமில்லை, பாருங்கள்.

(அ) "ஈரக் கண்ணாடியின் மறுபுறம் காலம் உறைந்து நின்ற அந்த" [போதும். காலம் உறைகிற கதைகளை நானே பாதியில் மூடிவிடுவேன்.]

(ஆ) "வாலுள்ள இருவாழ்விகளில் ஒரு வகையான நியூட்" [பாடப்புத்தகம். ஆனாலும் அது என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? பல்லியின் உருவம், தவளையின் தோல், மீனைப்போலத் தண்ணீரில் குடித்தனம். வயிறு மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். மண்புழு என்றால் உயிர். அவ்வளவு போதும், கதைக்குள் போவோம்.]

(இ) "அவர் கடைக்குள் நுழைந்ததும் தராசுக்குப் பின்னால் நின்றவரின் முகம் மாறியது."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

3

கடைக்குள் நுழைந்த அந்த டப்பாக்காரர் எடையளவு ஆய்வாளர். முத்திரையிட்ட எடைக்கற்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய், தராசு உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது வேலை. கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மில்லி சார். மில்லிகிராமில் பாதி. முழுசாகக் கூப்பிட அவர்களுக்குப் பயம்.

அவரைக் கண்டால் மீன் சந்தையே பம்மும். மீனின் மேல் தண்ணீரை வாரி இறைத்து, ஈரத்தோடு தட்டில் போட்டு எடை காட்டுகிற வித்தை அங்கே உண்டு. மில்லி சார் சட்டைப்பையிலிருந்து துணியை எடுப்பார், மீனைக் கையில் ஏந்திக் குழந்தைக்குத் தலை துவட்டுவது போலத் துடைப்பார், மறுபடி எடை போடுவார். "இப்ப சொல்லுங்க, மீன் எவ்வளவு, தண்ணி எவ்வளவு?" என்பார். இருபத்தெட்டு வருடமாக இதே கேள்வி. இதுவரை ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

இப்படி ஒரு மனிதருக்கு ஒரு நாளில் எத்தனை முகம் சுருங்கும் என்று நினைத்துப் பாருங்கள். டீக்கடையில் கூட அவர் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஆனால் மாலையில் வீட்டுக் கதவைத் திறந்தால், கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ஒரு ஜீவன் கல்லுக்கு அடியிலிருந்து கிளம்பி, கை கால் நான்கையும் அலட்டிக்கொள்ளாமல் வீசி நீந்தி, அவர் நிற்கிற பக்கமாகவே வந்து கண்ணாடியில் மூக்கை வைக்கும். மாற்றலாகிப் போன அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது அது. ஆறு வருடமாக இப்படி வந்துகொண்டிருந்தது. உலகத்தில் அவரைப் பார்த்ததும் எதிர்கொண்டு வருகிற உயிர் அது ஒன்றுதான். அவருக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். வெளியே சொல்லக் கூச்சம்.

இப்போது அது வருவதில்லை. கல்லுக்கு அடியிலேயே கிடக்கிறது, புழுவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. செத்துப்போய்விடுமோ என்று அவருக்கு உள்ளுக்குள் நடுக்கம்.

4

மனைவியைக் கொண்டுவர வேண்டும்.*

(* முதலில் அவரை எந்நேரமும் கண்ணைத் துடைத்துக்கொள்கிற பெண்ணாக எழுதினேன். இரண்டு பத்தி தாண்டவில்லை, எனக்கே அலுத்துவிட்டது. அழித்தேன்.)

அவர் பல் மருத்துவமனையில் நர்ஸ். வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களிடமே நாள் முழுக்க வேலை. நியூட்டுக்குத் துரை என்று பெயர் வைத்தது அவர்தான். புழு கொஞ்சம் வாடியிருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அதன் மிடுக்கைப் பார்த்து வைத்தது.

"துரைக்கு இன்னிக்கும் மனசு வரலியா?"

"விளையாடாத. காலைல ஒம்போது புள்ளி மூணு ஒண்ணு கிராம். இப்ப ஒம்போது புள்ளி ரெண்டு எட்டு."

"என்னங்க, அதுக்குப் பசிச்சா அது சாப்பிடும். வாயைத் தொறக்காத பேஷன்ட்டு எத்தன பேரப் பாத்துட்டேன் நானு. பக்கத்துல நின்னு மொறச்சிட்டே இருந்தா கட்டாயம் தொறக்க மாட்டாங்க."

"நான் எங்க மொறக்கறேன்?"

"உங்க மூஞ்சியே அப்படித்தான். நான் பழகிட்டேன். அது பாவம்."

மில்லி சார் வலையை எடுத்தார். துரையைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். டிஷ்யூ காகிதத்தால் முதுகை ஒற்றினார், வயிற்றை ஒற்றினார், வாலைத் தனியாக ஒற்றினார். சின்ன எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார். எண் நிலைக்கும்வரை மூச்சுவிடவில்லை. நோட்டில் எழுதினார். இத்தனையும் ஆறு நிமிடம்; காலை, மதியம், மாலை. மதியம் இதற்காகவே அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்துபோனார்.

"தொடைக்காம வெச்சாத்தான் என்ன?" என்றார் மனைவி.

"தண்ணி ஒட்டியிருந்தா எடை பொய்யாயிடும்."

"யாருக்கு விக்கப் போறீங்க?"

இந்த இடத்தில் அவர் சிரித்ததாக எழுதியிருந்தேன். இல்லை, சிரிக்கவில்லை. பயந்து போனவர்களுக்குச் சிரிப்பு வராது. தன்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்பதால் அவர் அதைப் பிசகாமல் செய்துகொண்டிருந்தார்.

5

[இடையில் ஒரு வார்த்தை. இந்தக் கதையின் ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் நான் சொற்களை எண்ணிப் பார்க்கிறேன். நேற்று நான்காம் பகுதியை ஏழு முறை எடுத்துத் துடைத்துத் திருப்பி வைத்தேன். எட்டாவது முறை படித்தபோது அதில் உயிரே இல்லை. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டேன். உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று]

6

மருத்துவர்.

இந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகம். கதைகளில் வருகிற மருத்துவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அதனால் இவருக்குக் கடுமையான ஜலதோஷம் கொடுத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடியையும் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறார். வயதும் குறைவு, முப்பதுக்குள். நியூட்டுக்கு வைத்தியம் பார்ப்பது இது இரண்டாவது முறை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மில்லி சாரோடு மனைவியையும் உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

துரையைத் தண்ணீரோடு சின்னக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, வெளிச்சத்தில் பார்த்தார். வாயைப் பார்த்தார், வயிற்றைக் கீழிருந்து பார்த்தார், தோலை வெகுநேரம் பார்த்தார்.

"பெரிசா ஒண்ணும் தெரியல சார். தோல்தான் கொஞ்சம் வறண்டு, அங்கங்க உரிஞ்ச மாதிரி இருக்கு. தண்ணி சூடா இருக்கா?"

"பதினெட்டு டிகிரி. காலைல பதினேழு புள்ளி ஆறு."

"அடேங்கப்பா." மருத்துவர் தும்மினார். "அந்த நோட்டக் குடுங்க."

மில்லி சாருக்குப் பெருமை. அவர் நோட்டை யாரும் இப்படிக் கேட்டு வாங்கிப் படித்ததில்லை. மருத்துவர் நோட்டை மூக்குக்கு அருகில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார்.

"மொத நாள் ஏன் சாப்பிடல?"

"தோல் உரிச்சிச்சு. அன்னிக்கு ஒரு நாள் சாப்பிடாது, அது வழக்கந்தான். எதுக்கும் இருக்கட்டுமேன்னு எடை எடுத்தேன்."

"அப்புறம்?"

"அடுத்த நாளும் சாப்பிடல. அதனால மூணு வேளையும் எடுத்தேன்."

"எப்படி எடுக்கறீங்க?"

மில்லி சார் விளக்கினார். வலை, டிஷ்யூ, முதுகு, வயிறு, வால். ஒரு படியையும் விடவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவர் 'வால்' என்ற இடத்தில் நின்றார். மருத்துவர் அறிவுரை சொல்லவில்லை. சொன்னதை எல்லாம் சீட்டில் குறித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"ஈரத்துல வாழற, தோலாலயும் மூச்சு விடற ஜீவன் சார்," என்றார் கடைசியில், மெதுவாக. "ஈரத்தத் தொடச்சா அதுக்கு மூச்சு முட்டற மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு மூணு தடவ."

மில்லி சாரின் முகம் மாறியது. எத்தனையோ கடைகளில், தராசுக்குப் பின்னால், கையும் களவுமாகப் பிடிபட்டவர்களிடம் அவர் பார்த்த அதே முகம். அதைத் தன் முகத்தில் அவரால் பார்க்க முடியாது. மனைவி பார்த்தார். பார்த்துவிட்டு, அவர் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தார்.

"என்னப் பாத்துத்தான் ஒளிஞ்சிக்குதா?" என்று மில்லி சார் கேட்டார். மருத்துவரிடம் கேட்கவில்லை.

சிகிச்சை இதுதான்: தொட்டியின் மூன்று பக்கமும் துணி. புழுவைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பத்து நாளைக்குத் தொடக் கூடாது, எடை போடவே கூடாது.

"பாக்கவும் கூடாதா?"

"பாக்கலாம் சார். சோதனை போடற மாதிரி பாக்காதீங்க."

பிழைக்குமா என்று கேட்டதற்கு மருத்துவர் தெரியாது என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

7

முடிவுகள்.

முதல் முடிவில் துரை புழுவை லபக்கென்று விழுங்கிவிடுகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன். இரண்டாவதில் துரை இறந்துவிடுகிறது. நன்றாகத்தான் வந்திருந்தது, பத்திரிகைக்காரர்கள் கேட்டு வாங்கிப் போட்டிருப்பார்கள். எழுதி முடித்து எழுந்தவனுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. நான் சாப்பிடாமல் கிடந்து யாருக்கு என்ன லாபம்? அதையும் கிழித்தேன். மூன்றாவதில் மில்லி சார் வேலையை ராஜினாமா செய்கிறார். சுத்தப் பைத்தியக்காரத்தனம். மீன் சந்தையை யார் பார்ப்பது?

அந்த மருத்துவமனையின் தொலைபேசி எண் பூனையின் மருந்துச் சீட்டில் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

8

சிகிச்சை தொடங்கி ஏழாம் நாள் மாலை. மில்லி சார் வீட்டுக்கு வந்தார். பெட்டியை வைத்தார். கல்லுக்கு அருகில் புழுவைப் போட்டார். பிறகு நாற்காலியைத் திருப்பி, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இப்படிச் செய்யச் சொன்னவர் யாருமில்லை. பார்த்தால் எடை போட்டுவிடுவோம் என்று அவருக்கே தன்மேல் பயம்.

மனைவி எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். துணி போடாத நாலாவது பக்கம் அவருக்கு நேராக இருந்தது.

"என்ன பண்றாரு துரை?"

"நான் டீ குடிக்கறேன்."

"அசையறாரா?"

"நீங்க அசையாம இருங்க."

அப்புறம் மனைவியின் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவர் கண் தொட்டியில் இருந்தது. மில்லி சார் அதைப் பார்த்தார். டம்ளர் நிற்கிறது, கண் இமைக்கவில்லை, உதடு ஏதோ சொல்ல வந்து அடங்குகிறது. நல்லதைக் கண்டாலும் கெட்டதைக் கண்டாலும் அந்த முகம் அப்படித்தான் ஆகும் என்பது இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருக்குத் தெரியும். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு உங்க ஆஸ்பத்திரில எத்தன பேருக்குப் பல்லு புடுங்கினாங்க?" என்று கேட்டார்.

மில்லி சார் திரும்பவில்லை.

உங்கள் நாற்காலியை மனைவிக்குப் பக்கத்தில், தொட்டியைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். தாராளமாகப் பாருங்கள். என்னிடமும் மில்லி சாரிடமும் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.