காவிப் பட்டை அடித்த முப்பத்தேழு மரங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது எந்த இடத்தில் பிசகினேன் என்று தெரியட்டும்.

காரைக்குடியில் மர வளர்ப்பு மாலை வகுப்பில் படிக்கிறேன். புயலுக்குப் பிறகு ஆசிரியர் எங்களுக்கு ஆளுக்கு ஒரு தோப்பைப் பிரித்துக் கொடுத்தார். எனக்கு வலையபட்டி நாச்சியார் அக்காவின் தோப்பு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில், இங்கே அக்கா மட்டும்தான். வேலியோரத்துத் தைலமரங்கள் வேரோடு சாய்ந்து, இரண்டு வயது மகாகனிக் கன்றுகள் அறுபதை அமுக்கிக்கொண்டு கிடந்தன. மண் ஈரமாக இருக்கும்போதே பாரத்தை எடுத்துவிட்டால் கன்றுகளை நிமிர்த்தி முட்டுக் கொடுக்கலாம். மண் இறுகிவிட்டால் நிமிர்த்தும்போதே வேர் அறுந்துவிடும்.

அறுக்க வேண்டிய மரங்களில், தூரத்திலிருந்தே தெரியும்படி அடையாளம் வைக்கச் சொல்லியிருந்தார் ஆசிரியர். அக்கா வீட்டில் சுண்ணாம்பும் காவியும் இருந்தன. நான்கு விரல் வெள்ளை, நான்கு விரல் காவி என்று மாற்றி மாற்றி அளந்து அடித்தேன். முப்பத்தேழு மரங்கள். ஒன்றுகூடக் கோணவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை கல்லலிலிருந்து சோணைமுத்து மரம் அறுக்கும் ஆட்களோடு வந்தார். முதல் மரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

“என்னக்கா, கோயில் மரத்தையா அறுக்கச் சொல்லுறீக?”

“கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. இந்தப் புள்ள சினேகா நேத்து அடிச்சது.”

“ஒரு மரம்னா சரி. முப்பத்தேழு சாமியா வந்து எறங்கியிருக்கு?”

ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“யாரு அடிச்சா என்னக்கா? இதுல ரம்பத்த வச்சா எம் பயலுக நாளைக்கு வேலைக்கு வரமாட்டானுக. அழிச்சிட்டுச் சொல்லுங்க, வாரோம். அமராவதிபுதூர்ல வேற கூப்பிடுறாக.”

கோயில் சுவரைப் பார்த்தே வளர்ந்தவளின் கை. யோசிக்காமல் அதையே அடித்திருக்கிறது.

தேங்காய் நாரால் இரண்டு நாள் தேய்த்தேன். ஈர மரத்தில் காவி ஊறியிருந்தது. அக்கா ஓரத்துக் கிளைகளை அரிவாளால் கழித்து, கைக்கு எட்டிய கன்றுகளை நிமிர்த்தினார். நான் அழித்து முடித்தபோது சோணைமுத்துவுக்கு வரிசையாக வேறு தோப்புகள். அவர் திரும்பி வர எட்டு நாளாயிற்று. அதற்குள் வெயில் அடித்து மண் இறுகிவிட்டது.

இன்று மரங்களை அறுத்து அகற்றினார்கள். அறுபதில் இருபத்திரண்டு கன்றுகள் மிஞ்சின. மற்றவை தூக்கியதும் கையோடு வந்துவிட்டன.

கடைசிக் கன்றை முட்டுக்கம்போடு சேர்த்துக் கட்டினேன். முடிச்சை மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.

“நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்க்கா?”

“வேணாம்மா. நான் பாத்துக்கிறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். பேருந்து ஏறி வகுப்புக்குப் போனேன். தோப்பு எப்படி இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். வேலை முடிந்தது என்றேன்.

அக்கா திட்டியிருந்தால் நாளைக்கும் போயிருப்பேன்.